பயன்படுத்திய பேஸ் கிட்டாரின் இரைச்சலைத் தேடிப் பிடிப்பது

பேஸ் கிட்டாரில் எழும் மின் இரைச்சல் சாதாரண மின் கிட்டாரில் எழுவதைவிடப் பிடிவாதமானது. அதற்குக் காரணம் அதிர்வெண். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் மாறிக்கொண்டிருக்கும் நாடுகளில் அதன் முழக்கம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் கேட்கிறது. நான்கு தந்தி பேஸில் திறந்த (விரல் வைக்காத) ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) ஒலிக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் முழக்கம் ஏ தந்தியின் முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே வந்து அமர்கிறது. ஆக, இரைச்சல் குடியிருக்கும் இடமும் நாம் வாசிக்கும் சுரங்கள் இருக்கும் இடமும் ஒன்றே.

இதன் விளைவு மிகவும் நடைமுறையானது. சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குவதால், அதற்குக் கீழே உள்ளதை ஈக்வலைசரில் வெட்டி எறிந்தாலும் இசைக்குப் பெரிய சேதமில்லை. பேஸில் அப்படி வெட்டினால் இரைச்சலோடு சுரத்தின் அடித்தளமும் போய்விடும். நாய்ஸ் கேட் என்னும் கருவியும் வாசிக்காத இடைவெளிகளில் மட்டுமே வாயை மூடுகிறது. நீண்ட சுரம் ஒன்று மெல்லத் தேய்ந்து அடங்கும்போது அதனடியில் முழக்கம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பேஸில் இரைச்சலை மறைக்கும் வழிகளைத் தேடுவதைவிட, அது பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. கையில் திருப்புளியை எடுப்பதற்கு முன்பே, காதையும் விரலையும் கொண்டு அந்த இடத்தைப் பெருமளவு குறுக்கிவிட முடியும்.

நான் வாங்கிய பேஸ், தந்தியின் அதிர்வை மின்னாக்கும் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்புகளும், இரண்டு வால்யூம் குமிழ்களும், ஒரு டோன் குமிழும் கொண்ட ஜாஸ் பேஸ் வகையைச் சேர்ந்தது. பேட்டரி இல்லாத பாஸிவ் அமைப்பு. கழுத்து நேராக இருந்தது, ஃப்ரெட்டுகளில் தேய்மானம் குறைவு, மரத்தின் ஒலி எனக்குப் பிடித்திருந்தது. மின்பகுதி மட்டும் ஒரே நேரத்தில் பல குறைகளைச் சுமந்துகொண்டிருந்தது. பயன்படுத்திய கருவிகளில் இதுதான் உண்மையான சிக்கல்: ஒரு இரைச்சலின் மேல் இன்னொன்று படிந்திருப்பதால், ஒன்றைச் சரிசெய்த பிறகும் எதுவுமே மாறாததுபோலத் தோன்றும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கப் பழகினால்தான் வேலை முன்னேறும்.

இரைச்சல்களைக் காதால் பிரிப்பது கடினமில்லை. கனமாகவும் மென்மையாகவும் 'உம்ம்' என்று ஒலிப்பது முழக்கம். அதில் 50, 100 ஹெர்ட்ஸ் மேலோங்கியிருக்கும். அதே அடிப்படையின் மேல் கூர்மையான மேல்மடங்குகள் ஏறி 'ஜிர்ர்' என்று ஒலித்தால் அது ரீங்காரம். 'ஸ்ஸ்' என்னும் சீறல் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடக்கும். குமிழைத் திருப்பும்போதோ கேபிளை அசைக்கும்போதோ எழுவது கரகரப்பு. இவற்றுள் முழக்கமும் ரீங்காரமும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் அவற்றின் பிறப்பு வேறு. மின்மாற்றிகளும் மோட்டார்களும் உண்டாக்கும் காந்தப்புலம் பிக்கப்பின் சுருளுக்குள் நேரடியாக மின்னழுத்தத்தைத் தூண்டுவதால் வருவது முழக்கம். சுவர் வயர்களும், டிம்மர்களும், குழல் விளக்குகளும், மலிவான சார்ஜர்களும் உண்டாக்கும் மின்புலம், கவசமற்ற உள்வயர்களிலும் வாசிப்பவரின் உடலிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவதால் வருவது ரீங்காரம். முன்னதைத் தடுக்கும் முறை பின்னதற்குப் பொருந்தாது. பின்னதன் மருந்து முன்னதைத் தீண்டவும் செய்யாது. கவசமாகக் கருவிக்குள் செம்புத் தகட்டை ஒட்டியும் முழக்கம் போகவில்லை என்று பலர் மனம் சோர்வதற்கு இதுவே காரணம்.

தேடலைக் கருவியிலிருந்து தொடங்காமல், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பிலிருந்து தொடங்க வேண்டும். எதையும் செருகாமல் ஆம்ப்பை வழக்கமான அளவில் வைத்துக் கேட்டால், அப்போது கேட்கும் ஒலி ஆம்ப்புக்கே உரியது. பேஸைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்து கேபிளை ஆம்ப்பில் மட்டும் செருகி, மறுமுனையில் பிளக்கின் நுனியையும் உறைப்பகுதியையும் ஒரு சிறு வயரால் இணைத்துப் பார்க்கலாம். அப்போது ஆம்ப் முன்போலவே அமைதியாக இருந்து, கேபிளை வளைத்தாலும் முறுக்கினாலும் சத்தம் வரவில்லையென்றால் கேபிள் நல்லது. அந்த இணைப்பு இல்லாமல் கேபிளின் முனை வெறுமனே தொங்கும்போது ரீங்காரம் வருவது இயல்பு, அது பழுதல்ல. ஸ்பீக்கர் கேபிளையும் கிட்டார் கேபிளையும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது; ஸ்பீக்கர் கேபிளில் கவசப் பின்னல் கிடையாது. பழைய கருவியோடு இலவசமாக வந்த கேபிளை ஒருமுறை சந்தேகிப்பது நல்லது.

கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக வாசிப்பவர்கள், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். சத்தம் சட்டென்று குறைந்தால் அது கருவியின் குறையன்று. ஒரே நேரத்தில் ஆம்ப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் சிக்னல் போகும் அமைப்பில், இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து ஒரு வளையமாகி முழக்கத்தை உண்டாக்கலாம். அதற்கு, கருவிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையே வைக்கும் டிஐ பெட்டியில், சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்தான் சரியான வழி. ஆம்ப்பின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை முறிப்பதோ துண்டிப்பதோ ஒருபோதும் கூடாது. பேஸின் தந்திகள், உடற்பகுதியில் அவற்றைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜின் வழியாகவும் கேபிளின் உறை வழியாகவும் ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. அந்தச் சட்டத்தில் மின்கசிவு ஏற்பட்டால் அதை எர்த்துக்கு இழுத்துச் செல்வது அந்த மூன்றாவது முனை மட்டுமே. தந்தியைப் பிடித்தபடி மைக்கைத் தொடும்போது சுருக்கென்று அடித்தால், இரைச்சல் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த இடத்தின் மின்னிணைப்பை முதலில் சோதிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பேஸைச் செருகும்போது மட்டும் இரைச்சல் வருமானால், தொட்டுப் பார்க்கும் சோதனை மிகத் தெளிவான விடைகளைத் தரும். தந்திகளை உள்ளங்கையால் தொட்டவுடன் ரீங்காரம் குறைந்தால், தந்தியிலிருந்து கிரவுண்ட் (கேபிளின் உறையோடு சேரும் பொது இணைப்பு) வரையிலான பாதை நன்றாக இருக்கிறது என்றும், உட்பகுதியின் கவசம் போதவில்லை என்றும் பொருள். நம் உடல் சுற்றிலும் உள்ள மின்புலத்தை ஏற்று அதைப் பிக்கப்புகளின் அருகே கொண்டுவருகிறது. கிரவுண்டோடு இணைந்தவுடன் அதே உடல் ஒரு கவசமாக மாறிவிடுகிறது. தந்திகளைத் தொட்டும் மாற்றமில்லாமல், கேபிளைச் செருகும் ஜாக்கின் உலோகத்தையோ கேபிள் பிளக்கின் உறையையோ தொட்டால் மட்டும் குறைகிறதென்றால், பிரிட்ஜுக்குச் செல்லும் கிரவுண்ட் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறதென்றால், யாரோ ஜாக்கில் சிக்னல் வயரையும் கிரவுண்ட் வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்க வாய்ப்பு அதிகம். நைலான் நாடா சுற்றிய தந்திகள் பூட்டியிருந்தால் இந்தச் சோதனையைப் பிரிட்ஜைத் தொட்டுச் செய்ய வேண்டும், ஏனெனில் அந்தத் தந்திகளின் வெளிப்பரப்பு மின்சாரத்தைக் கடத்தாது.

தொடும் சோதனையோடு இன்னொன்றும் சேர்த்துச் செய்வேன். தோளில் மாட்டிய பேஸோடு நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுத் திரும்பினால், ஒரு திசையில் முழக்கம் பெருகி இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்துபோகும். அப்படி மாறுவது காந்தப்புலத்தால் சுருளில் தூண்டப்படும் முழக்கம். திசைக்கு அசையாமல், கையைத் தொட்டெடுக்கும்போது மட்டும் ஏறி இறங்குவது மின்புல ரீங்காரம். என் கருவியில் இரண்டும் இருந்தன. தொடும்போது குறைவதும் நிலையாக இல்லை: பிரிட்ஜின் மேல் உள்ளங்கையை அழுத்தினால் ரீங்காரம் குறைந்தது, அழுத்தத்தைத் தளர்த்தினால் திரும்பி வந்தது. அந்த ஒன்றே தளர்ந்த இணைப்பைச் சுட்டிக்காட்டப் போதுமானதாக இருந்தது.

வால்யூமை முழுவதும் குறைத்துப் பார்ப்பது எல்லோரும் சொல்லும் சோதனை. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவுடன் இரைச்சல் நின்றால் அது பிக்கப் பக்கத்திலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் ஜாக்கிலோ கிரவுண்டிலோ குறை இருக்கிறது என்பார்கள். ஒரே வால்யூம் குமிழ் உள்ள பேஸுக்கு இது சரி. ஜாஸ் பேஸ் வகைக்கு இது முழுமையாகப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வால்யூமைக் குறைத்தால் மற்றப் பிக்கப்பும் சேர்ந்து அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக, அந்த அமைப்பில் பிக்கப்பின் வயர் பாட்டின் (குமிழின் அடியில் உள்ள, தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்) நடுக்காலில் இணைக்கப்பட்டு, ஜாக்குக்குச் செல்லும் வயர் ஓரக்காலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போது பிக்கப் மட்டுமே கிரவுண்டோடு நேராக இணைகிறது. ஜாக்கின் சிக்னல் முனை கிரவுண்டை அடைய பாட்டின் முழு 250 கிலோ ஓம் தடத்தையும் கடக்க வேண்டும். இரண்டு பாட்டுகளும் இணையாக இருப்பதால் மொத்தம் 125 கிலோ ஓம். கருவியின் கவசமில்லாத உட்குழிக்குள் அந்த வயர் லேசான ரீங்காரத்தை ஏற்றுக்கொள்ள அது போதும். இரண்டு வால்யூம்களும் பூஜ்யத்தில் இருக்கும்போது மெல்லிய ரீங்காரம் கேட்டால், இல்லாத பழுதைத் தேடி ஜாக்கைப் பலமுறை மாற்றிப் பற்றவைக்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகுதான் கட்டுப்பாட்டுத் தகட்டைக் கழற்றும் நேரம் வருகிறது. எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோணங்களிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது கட்டாயம். பயன்படுத்திய கருவியின் உட்புறம் முந்தைய கைகளின் வரலாற்றைச் சொல்லிவிடும்: திருகுகளின் தலை தேய்ந்திருப்பது, வேறு நிற வயரில் ஒட்டுப் போட்டிருப்பது, இன்சுலேஷன் டேப் சுற்றிய மூட்டுகள், பாட்டின் முதுகில் குமிழாக நிற்கும் ஈயக்கட்டி. பாட்டுகளின் முதுகிலோ பக்கவாட்டிலோ அச்சிட்ட எண்களும் பேசும். 137 என்று தொடங்கினால் தயாரித்தது சிடிஎஸ் நிறுவனம். ஏழு இலக்க எண்ணில் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் கடைசி இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் குறிக்கும். ஆகவே 1377633 என்பது 1976ஆம் ஆண்டின் 33ஆம் வாரத்தில் செய்யப்பட்ட பாட். ஒரு பாட் மற்றவற்றைவிடப் புதியதாக இருந்தால், அதைச் சுற்றியுள்ள இணைப்புகளை முதலில் பார்ப்பது பயனளிக்கும்.

ஜாக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இரைச்சல்களில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது. வெளி நட்டு தளர்ந்தவுடன் கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் ஜாக் முழுவதுமாகச் சுழன்று, உள்ளே வயர்களை முறுக்கி, கடைசியில் ஓர் இழையில் தொங்கவிடும். பல் வைத்த வாஷர் போட்டு நட்டை இறுக்குவதும், தளர்ந்த தகட்டு நாக்கை மெல்ல உள்ளே வளைத்து பிளக்கின் நுனியை இறுகப் பிடிக்கச் செய்வதும் போதும். நாக்கு உடைந்திருந்தால் புதிய ஜாக்கே தீர்வு.

பிரிட்ஜின் கிரவுண்ட் வயருக்கு மல்டிமீட்டர் தேவை. தடையளவில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜில் தந்தி அமரும் சிறு உலோகத் துண்டான சேடிலிலும் இன்னொன்றை ஜாக்கின் உறைப்பகுதியிலும் வைத்தால், மீட்டர் வயர்களின் தடையைக் கழித்த பிறகு ஓர் ஓமுக்கும் கீழே நிலையாக நிற்க வேண்டும். என் பேஸில் எண்கள் நிற்கவே இல்லை. பிரிட்ஜை விரலால் அழுத்தும்போது இறங்கின, விட்டால் ஏறின. தந்திகளைத் தளர்த்திப் பிரிட்ஜின் திருகுகளை எடுத்துத் தூக்கியபோது காரணம் தெரிந்தது. மரத்தில் துளையிலிருந்து வெளியே வந்த பல இழை வயரின் முனை தட்டையாக நசுங்கி, அதன் மேல் பச்சை நிறக் களிம்பு படர்ந்திருந்தது. இழைகள் பெரும்பாலும் வளைவிலேயே முறிந்து, எஞ்சிய சில மட்டும் உலோகத்தை வருடிக்கொண்டிருந்தன. பிரிட்ஜின் அடிப்பரப்பிலும் அதே இடத்தில் கறுத்த தழும்பு. பழைய வயரோடு புதியதைப் பற்றவைத்து அதையே கயிறாக்கித் துளை வழியாக இழுத்தேன். முனையில் உறையைச் சற்று நீளமாகவே உரித்து, இழைகளை விசிறிபோல் பரப்பி, பிரிட்ஜின் அடியை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் மின்னும் வரை சுத்தம் செய்து மீண்டும் திருகினேன். மீட்டரின் எண் அதன் பிறகு அசையவில்லை, கையை எடுத்து எடுத்து வைக்கும்போது விட்டுவிட்டு வந்த ரீங்காரமும் போயிற்று.

பற்றவைப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டின் முதுகு ஒரு பெரிய உலோகப் பரப்பு. மெல்லிய முனையுள்ள சிறு இரும்பால் அதைச் சூடாக்க முயன்றால், ஈயம் மேலே உருண்டு நிற்குமே தவிர உலோகத்தோடு பிடிக்காது. அகன்ற முனை, 350 டிகிரி செல்சியஸ் அளவுச் சூடு, முன்கூட்டியே உப்புத்தாளால் கீறிய பரப்பு, சில விநாடிகளில் முடியும் வேலை என்று இருந்தால் மூட்டு உறுதியாகவும் பாட்டின் உட்புறம் கருகாமலும் அமையும். 63-க்கு 37 என்னும் விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறைவதால், இந்த வேலைக்கு அதுவே எளிது. பற்றவைக்கும்போது எழும் புகையையும் கையில் ஒட்டும் காரீயத் துகளையும் மறக்காமல், காற்றோட்டமான இடத்தில் செய்து கைகழுவிக்கொள்ள வேண்டும்.

குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு பாட்டின் கரித்தடத்தில் படிந்த தூசியால் வருவது. மின்தொடர்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் திரவத்தை, பாட்டின் கால்களுக்கு அருகே உள்ள இடைவெளியில் சிறிதளவு பீய்ச்சி, குமிழை இரு எல்லைகளுக்கும் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அளவுக்கு மீறிப் பீய்ச்சினால் தண்டின் மசகு கரைந்து குமிழ் வழவழவென்று சுழலும். கதவுக் கீல்களுக்கு அடிக்கும் பொது எண்ணெய்களை இங்கே பயன்படுத்தக் கூடாது. அவை எச்சத்தை விட்டுச்சென்று தூசியைக் கூட்டிவரும். சுத்தம் செய்தும் ஒரே இடத்தில் ஒலி அறுந்தால் தடமே தேய்ந்துவிட்டது, பாட்டை மாற்ற வேண்டும்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒற்றைச்சுருள் பிக்கப் ஒன்று காந்தப்புலத்தின் முழக்கத்தை ஏற்காமல் இருக்க முடியாது; தந்தியின் அதிர்வையும் முழக்கத்தையும் அதே சுருள்தான் மின்னாக்குகிறது. இதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்ப்பது. கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் உருவாக்கிய ஹம்பக்கரும், 1957இல் ஃபெண்டர் தன் ப்ரிஸிஷன் பேஸில் கொண்டுவந்த இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் இதே கொள்கையில் இயங்குகின்றன. 1960இல் வந்த ஜாஸ் பேஸின் அமைப்பில் இந்த வேலையை இரண்டு தனிப் பிக்கப்புகள் பகிர்ந்துகொள்கின்றன: ஒன்றின் சுற்றுத் திசையும் காந்தத் துருவமும் மற்றதற்கு நேர் எதிராக இருந்தால், இரண்டு வால்யூம்களும் ஒரே அளவில் உள்ளபோது தந்தியின் ஒலி கூடுகிறது, முழக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒரு வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே அந்தச் சமநிலை குலைந்து முழக்கம் எட்டிப் பார்க்கும். அது பழுதல்ல, அந்த வகையின் இயல்பு.

ஆனால் பழைய கருவிகளில் ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றியிருப்பது மிகவும் சாதாரணம். மாற்றியவர் துருவத்தையும் திசையையும் பார்த்திருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டு வால்யூம்களையும் முழுவதும் திறந்து, ஒலியையும் முழக்கத்தையும் தனித்தனியாகக் கவனித்தால் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். ஒலி கனமாகவும் முழக்கம் அடங்கியும் இருந்தால் எல்லாம் சரி. ஒலி அடித்தளம் இழந்து மெலிந்தும், முழக்கம் உரத்தும் இருந்தால், பொருத்தமான பிக்கப்புகள்தான், ஆனால் ஒன்றின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் பற்றவைத்தால் இரண்டு குறைகளும் ஒருசேரத் தீரும். ஒலி கனமாக இருந்தும் முழக்கம் அடங்கவில்லையென்றால், இரண்டு பிக்கப்புகளின் காந்தங்களும் ஒரே துருவத்தில் இருக்கின்றன. வயரை மாற்றினால் முழக்கம் போகும், ஆனால் ஒலியும் மெலிந்துவிடும். வயரால் தீராத குறை இது ஒன்றுதான். ஒரு சாதாரண திசைகாட்டியைப் பிக்கப்பின் காந்தமுனைகளுக்கு மேலே வைத்துப் பார்த்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம்: ஒரு பிக்கப் ஊசியின் வடமுனையை ஈர்த்தால் மற்றது தென்முனையை ஈர்க்க வேண்டும்.

என் பேஸ் மெலிந்து ஒலித்து முழங்கவும் செய்தது, ஆகவே தீர்வு எளிதாக அமைந்தது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பின் இரண்டு வயர்களை இடம் மாற்றியவுடன், திறந்த ஈ தந்தியின் அடிவயிற்று ஒலி முதல் முறையாக முழுமையாகக் கேட்டது. இரைச்சலைத் தேடிப் போய் ஒலியையே மீட்டெடுக்கும் வாய்ப்பு இந்த வேலையில் உண்டு. அதனால்தான் ஈக்வலைசரில் ஒதுக்கி மறைப்பதை நான் எதிர்க்கிறேன். இதில் ஒரு எச்சரிக்கை: பிக்கப்பில் உலோக மூடியோ அடித்தகடோ இருந்து அது ஒரு வயரோடு உள்ளுக்குள் இணைந்திருந்தால், அந்த இணைப்பைப் பிரித்துத் தனி கிரவுண்ட் வயர் கொடுக்காமல் இடம் மாற்றக் கூடாது, மாற்றினால் அந்த உலோகமே சிக்னலாகிப் புதிய ரீங்காரத்தைத் தரும். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்பதை மீட்டரால் அறியலாம். ஜாஸ் பேஸ் வகைப் பிக்கப் ஒன்று ஏழு, எட்டு கிலோ ஓம் அளவிலும், பிளந்த வகை பத்து கிலோ ஓமுக்கு மேலும் காட்டுவது வழக்கம். எல்லையில்லாத் தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

கவசம் ஒட்டும் வேலையைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும் என்பேன். பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். கிரவுண்ட் பாதை சரியில்லாத கருவிக்குள் செம்புத் தகட்டை ஒட்டினால், எதனோடும் இணையாத அந்தத் தகடு இரைச்சலைத் தடுப்பதற்குப் பதிலாகச் சுற்றியுள்ள வயர்களுக்குக் கடத்தும். கிரவுண்ட் உறுதியான பிறகு, கட்டுப்பாட்டுக் குழியின் அடியும் சுவர்களும், பிக்கப் குழிகளும், முகப்பை மூடும் தகடான பிக்கார்டின் உட்புறமும் தொடர்ச்சியாக ஓர் உலோகப் பெட்டியாக வேண்டும். பசையும் மின்சாரத்தைக் கடத்தும் வகைச் செம்பு டேப்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் சற்று ஏறும்படி ஒட்டி, எல்லாத் துண்டுகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடத்தும் பெயின்ட் பூசினாலும் இதே விதிதான். ஜாக்கில் பிளக்கின் நுனியைத் தொடும் நாக்கு, பிளக் செருகும்போது வெளிப்புறம் விரிந்து செம்புச் சுவரைத் தொட்டுவிடும். அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டாவிட்டால் ஒலியே நின்றுபோகும்.

இந்தக் கவசத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். அது மின்புலத்தைத் தடுத்து ரீங்காரத்தை வியக்கத்தக்க அளவு குறைக்கிறது. காந்தப்புலத்தை அது தடுக்காது: 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்பினுள் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், நாம் ஒட்டும் டேப்போ மில்லிமீட்டரின் சிறு பின்னம். உள்ளிருக்கும் எல்லா கிரவுண்ட் வயர்களையும் ஒரே புள்ளியில் கூட்ட வேண்டும் என்னும் பரவலான அறிவுரையும் பாஸிவ் பேஸில் காதுக்குத் தெரியும் பலனைத் தருவதாக நான் கண்டதில்லை. அந்தக் குழிக்குள் ஓடும் மின்னோட்டம் அத்தனை சிறியது. அந்த நேரத்தை ஒவ்வொரு மூட்டையும் நன்றாகப் பற்றவைப்பதில் செலவிடலாம். வறண்ட நாட்களில் பிளாஸ்டிக் பிக்கார்டை விரலால் தேய்த்தால் படபடவென்று வெடிக்கும் சத்தம் நிலைமின்னால் வருவது. பிக்கார்டின் அடியில் கிரவுண்டோடு இணைந்த தகடு இருந்தால் அதுவும் குறைந்துவிடும்.

பேட்டரியுள்ள ஆக்டிவ் பேஸ்களுக்குச் சில வேறுபாடுகள் உண்டு. 1976இல் மியூசிக் மேன் நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்ரே முதல் இன்றுவரை, பெரும்பாலானவை 9 வோல்ட் பேட்டரியில் இயங்கி, சிக்னலைக் கருவிக்குள்ளேயே பெருக்கும் சிறு ப்ரீஆம்ப் ஒன்றை உள்ளே வைத்திருக்கின்றன. அவற்றில் சீறல் கேட்டால் முதலில் ட்ரெபிள் குமிழைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சீறல் ப்ரீஆம்ப்பிலேயே பிறப்பதால் எந்தக் கவசமும் அதைக் குறைக்காது. ஒலி உடைந்து சிதறினால் பேட்டரியை மாற்ற வேண்டும். மூன்று தொடர்புகள் உள்ள ஜாக்கில் கேபிளைச் செருகுவதே பேட்டரியை இயக்கும் சுவிட்சாகச் செயல்படுவதால், வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கழற்றாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். அந்த ஜாக்கை மாற்றும்போது இரண்டு தொடர்புள்ள சாதாரண ஜாக்கை வைத்துவிடக் கூடாது. பாட்டைச் சுத்தம் செய்தும் கரகரப்பு போகாத ஆக்டிவ் பேஸில், பழைய கெப்பாசிட்டர் ஒன்று நேர்மின்னோட்டத்தைக் கசியவிட்டு அது பாட்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பது அடுத்த படி.

இத்தனைக்கும் பிறகு என் பேஸில் எஞ்சியிருப்பது ஒன்றுதான்: ஏதேனும் ஒரு பிக்கப்பை மட்டும் தனியாகத் திறக்கும்போது கேட்கும் மெல்லிய முழக்கம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள்களை அடுக்கிய முழக்கமற்ற பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினால் அதுவும் போய்விடும், ஆனால் ஒலியின் குணமும் ஓரளவு மாறும் என்பதால் இப்போதைக்கு மாற்றவில்லை. பதிவு செய்யும்போது இரண்டு வால்யூம்களையும் முழுவதும் திறந்தே வாசிக்கிறேன். பிரிட்ஜ் பிக்கப் மட்டும் தேவைப்படும் பகுதிகளில், ஆம்ப்பின் மின்மாற்றியிலிருந்து சற்று விலகி அமர்ந்து, முழக்கம் மிகக் குறைவாகக் கேட்கும் திசையை நாற்காலியைத் திருப்பித் தேடிக்கொண்டு, அந்தத் திசையிலேயே பகுதி முடியும்வரை வாசிக்கிறேன்.